இரண்டு கொக்குகளும் ஒரு பொய்ச்சாட்சியும்

நவம்பர் 19, செவ்வாய்

காலை ஜெபமும் வேதவாசிப்பும் வழக்கம்போல். கொல்லை முருங்கையில் கம்பளிப்பூச்சி அப்பியிருந்தது. துணிப்பந்தம் கொளுத்திக் காட்டினேன். பூச்சிகள் விழுந்தன. என் வேட்டிக் கரையும் சற்றே கருகிற்று.

பதினொரு மணிக்குத் தூத்துக்குடியிலிருந்து சுசீலா தொலைபேசியில் அழைத்தாள். சுசீலா என் தம்பி பொன்சிங்கின் மனைவி. தம்பியும் நானும் பேசிக்கொண்டு பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. எங்களுக்கிடையிலான செய்திகள் யாவும், பகை நாடுகளின் தூதர் வாயிலாகச் செல்வதுபோல், மனைவியர் வாயிலாகவே செல்லும். இன்று என் தூதர் ரத்னபாய் காய்கறிச் சந்தைக்குப் போயிருந்தமையால் அரசனே எடுக்க நேர்ந்தது.

டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி மாலை அவர்கள் சபையில் கிறிஸ்துமஸ் பாடல் ஆராதனையாம். வெகுநாளைக்குப் பிறகு பொன்சிங் கிட்டார் வாசிக்கப் போகிறானாம். பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அத்தான், அந்தப் பெட்டி ஒங்ககிட்ட இருந்தா குடுத்துவிட முடியுமான்னு கேக்கச் சொன்னாவ” என்றாள்.

பதினோரு ஆண்டுகளில் அவன் என்னிடம் கேட்டனுப்பிய முதற்பொருள். “பத்திரமாக இருக்கிறது, கொடுத்தனுப்புகிறேன்” என்றேன், ஓர் ஆவணக் காப்பாளனின் பெருமிதத்தோடு.

பிறகு அலமாரியைத் திறந்தேன். என் மழைத்தொப்பிக்கு அடியில் பெட்டி இருந்தது. வான்நீல எனாமல் பூச்சு. அதன்மேல் தம்பி தன் கையால் வரைந்த இரண்டு வெண்கொக்குகள், ஒன்றின் பின்னே ஒன்று பறப்பன. உள்ளங்கையினும் சற்றே பெரிது. திருகாணிகளைக் கழற்றினேன். உள்ளே பதினோரு ஆண்டுகளாக அகற்றப்படாத பேட்டரி கசிந்து, கம்பிகளையும் பலகையையும் அரித்து, எங்கும் பச்சை உப்பாய்ப் பூத்திருந்தது.

பத்திரமாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 20, புதன்

பிற்காலத்தில் இக்குறிப்பேட்டை வாசிப்போர் பொருட்டு நடந்ததை நேர்மையாக எழுதிவைக்கிறேன்.

நானும் தம்பியும் முப்பது ஆண்டுகள் சபைப் பாடகர் குழுவில் ஒன்றாகப் பாடினோம். அவன் கிட்டாரும் முதற்குரலும், நான் இரண்டாங்குரல். பிறகு நான் சபைக் கமிட்டிக்குச் செயலர் ஆனேன். பாட்டுப் பயிற்சி நாளிலேயே கூட்டங்களும் வந்தமையால் குழுவிலிருந்து நின்றுகொண்டேன். ஓராண்டு கழித்துத் தம்பி ஒரு பெட்டியைச் செய்து, கிட்டாரின் கம்பியை அதன்வழியே ஒலிபெருக்கிக்குச் செலுத்தி வாசித்தான். ஒரு கிட்டார் இரண்டு கிட்டார்களைப்போல் ஒலித்தது. ஆராதனை முடிந்து வெளியே வந்தவர்கள் எல்லாரும் அதையே பேசினார்கள்.

அடுத்த கமிட்டியில் நான் மூன்று பக்கத் தீர்மானம் ஒன்றை வாசித்தேன். “ஒருவர் வாசிப்பை இருவர் வாசிப்பாகக் காட்டும் கருவி, கர்த்தரின் சந்நிதியில் பொய்ச்சாட்சி உரைப்பதாகும், ஒன்பதாங் கட்டளைக்கு முரணாகும்.” எதுகை மோனை அமைந்த நடை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறிற்று. தம்பி எழுந்து பெட்டியை மேசைமேல் வைத்து, “நீங்களே வச்சிக்கிடுங்க” என்று கூறி வெளியேறினான். பிறகு தூத்துக்குடிக்கே குடிபோய்விட்டான்.

கொள்கை காரணமாகவே அவ்வாறு செய்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

நவம்பர் 22, வெள்ளி

மேலப்பாளையத்தில் ஜரீனா கடைக்குப் போனேன். நகரத்து ஒலிபெருக்கிகளுக்கெல்லாம் அவளே மருத்துவர். முப்பது ஆண்டுகளுக்கு முன் என்னிடம் தமிழ் படித்தவள். செய்யுள் ஒப்புவித்தலில் என்னால் பலமுறை பெஞ்சின்மேல் ஏற்றப்பட்டவள். இன்று என்னை முக்காலியில் உட்காரவைத்துவிட்டுப் பூதக்கண்ணாடியால் பெட்டிக்குள் பார்த்தாள்.

“பேட்டரிய உள்ளயே விட்டு வச்சது யாரு சார்?”

அது யார் என்று தெரிந்து என்ன பயன் என்றேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பலகை தேறாதாம். ஐசி எனப்படும் முக்கியமான சில்லும் போய்விட்டது. அவ்வகை இப்போது கிடைப்பது அரிதாம். ஆனால் வேறு ஐசி கொண்டு புதிதாகவே ஒன்று செய்யலாம் என்றாள். இவ்வகைப் பெட்டிக்குக் கோரஸ் என்று பெயர். கிட்டாரின் ஒலியை இரண்டாகப் பிரித்து, ஒன்றை நேரே அனுப்பும். மற்றொன்றைக் கண்ணிமைக்கும் அளவு தாமதித்து, லேசாக அசைத்து, மீண்டும் முதலாவதோடு சேர்க்கும். கேட்போர் காதுக்கு இருவர் வாசிப்பதுபோல் தோன்றும்.

நீயே செய்து கொடு என்றேன். கிறிஸ்துமஸ் நெருங்குகையில் ஊரிலுள்ள சபைகளின் ஆம்ப்ளிஃபயர்கள் எல்லாம் அவள் கடையில் வரிசை கட்டி நின்றன. “நேரமில்ல சார். நீங்க செய்யுங்க, நா சொல்லித்தாரேன். வெண்பாவுக்குத் தள பாக்கதவிட இது லேசுதான்” என்றாள்.

மூடியின் உட்புறம் தம்பியின் கையெழுத்தில் ஒரு வரைபடம் ஒட்டியிருந்தது. ஒரு கோடு இரண்டாகப் பிரிந்து மீண்டும் சேர்கிறது. மேற்கோட்டில் ஒரு சொல், கீழ்க்கோட்டில் ஒரு சொல். கீழே எழுதியிருப்பதைப் பார்த்தீர்களா என்று ஜரீனா கேட்டாள். உப்பு அரித்து மங்கலாக இருக்கிறது என்றேன்.

நவம்பர் 23, சனி

சுசீலா மீண்டும் அழைத்தாள். பெட்டியை யாரிடமாவது இப்போதே கொடுத்தனுப்பலாமா என்றாள். துடைத்துச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறேன் என்றேன். முற்றிலும் பொய் என்று கூற முடியாது.

நவம்பர் 25, திங்கள்

ரெசிஸ்டர் எனப்படும் சிற்றுறுப்புகளின்மேல் வண்ண வளையங்கள் உள்ளன. கறுப்பு, பழுப்பு, சிவப்பு என ஒவ்வொரு நிறமும் ஓர் எண். நினைவில் நிறுத்துவதற்காக அவற்றை ஒரு நேரிசை வெண்பாவாக யாத்தேன். காலை முழுதும் அதிலேயே கழிந்தது. கடைக்குப் போய்ப் பாடிக் காட்டினேன். ஜரீனா ஒழுங்காகக் கேட்டு முடித்துவிட்டு, மீட்டர் ஒன்றை எடுத்து அதன் இரு முனைகளையும் ரெசிஸ்டரில் வைத்தாள். எண் தானே வந்தது.

“பாட்டு நல்லாருக்கு சார்” என்றாள்.

மேலும், கண்புரை காரணமாகப் பழுப்பும் சிவப்பும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன. அவ்விடத்தில் வெண்பாவால் ஆவது ஒன்றுமில்லை.

நவம்பர் 28, வியாழன்

ஈயம் பற்றவைக்கப் பழகினேன். இடக்கைப் பெருவிரலில் கொப்புளம். ஜெபம் சுருக்கமாக.

நவம்பர் 30, சனி

இன்று வீட்டுக் கூடத்தில் ஒரு வெடி.

கெப்பாசிட்டர் என்பது சிறு உருளை. அதன் ஒரு பக்கத்தில் வெள்ளைக் கோடு உண்டு. மரியாதைக்குரிய பக்கத்திற்கே அடையாளம் இட்டிருப்பார்கள் என்று கருதி, கோடிட்ட பக்கத்தை நேர்மின் முனையில் வைத்தேன். நாமம், குருசு, பிறை என எந்தச் சமயத்திலும் அடையாளம் மேன்மையைக் குறிப்பதே மரபு. மின்னியலில் அது எதிர்மின் முனையைக் குறிக்குமாம். பேட்டரியை இணைத்துச் சிறிது நேரத்தில் அவ்வுருளை பட்டென்று வெடித்து, என் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டுச் சுவரிலுள்ள ஆண்டு வேதவாக்கிய அட்டையில் போய் மோதிற்று.

ரத்னபாய் கரண்டியோடு ஓடிவந்தாள். நான் உயிரோடிருப்பதைக் கண்டதும் இரக்கம் நீங்கியது. “ஒரு வார்த்த, அவிய கேட்டப்பவே, கெட்டுப்போச்சுன்னு சொல்லியிருந்தா இந்தப் பாடு உண்டா?” என்றாள்.

வேதத்தில் ஐயம் கேட்டால் விடை கூறுவேன். இதற்கு, தரையில் மூக்குக்கண்ணாடியைத் தேடலானேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

சபையில் பத்துக் கட்டளைகளை ஒப்புவித்தோம். ஒன்பதாவது வந்தபோது எனக்கு இருமல் வந்தது.

டிசம்பர் 4, புதன்

ஒலி வந்துவிட்டது.

முதலில் வந்தது இலங்கை வானொலி போன்ற ஏதோ ஒன்றின் முணுமுணுப்பு. பிறகு பெரும் இரைச்சல். ஒரு கம்பியை ஜரீனா மாற்றிப் பற்றவைத்த பின், கடையில் பழுதுக்கு வந்திருந்த ஒரு கிட்டாரை இணைத்து மீட்டினாள். ஒலி படகில் தலைசுற்றியவன்போல் தள்ளாடிற்று. குமிழ் ஒன்றை மெல்லத் திருகினாள். தள்ளாட்டம் அடங்கிற்று. இரண்டு கம்பிகள், இரண்டு கைகள், இரண்டு மனிதர்கள்.

“இப்ப ரெண்டு பேரு, சார்.”

இவர்களுள் பின்னே வருபவர் யார் என்று கேட்டேன். ஐசி வழியாக வருபவர் என்றாள். அதாவது கீழ்க்கோடு.

வீடு திரும்பி, பழைய மூடியை விளக்கருகே வைத்துப் பார்த்தேன். உண்மையைக் கூறின், நவம்பர் இருபத்திரண்டாம் தேதியே அதை வாசித்துவிட்டேன். மேற்கோட்டில் ‘நான்’ என்றும், கீழ்க்கோட்டில், கடைசி எழுத்தை உப்பு தின்றுவிட, ‘அண்ண’ என்றும் இருக்கிறது.

நான் எப்போதும் சற்றுப் பின்னேதான் பாடுவேன். முப்பது ஆண்டுகளும் அப்படித்தான். பயிற்சியின்போது அவன் கிட்டாரின் மரத்தில் தட்டிக் காட்டுவான், நான் விரைவுபடுத்துவேன், அடுத்த அடியில் மீண்டும் பின்தங்குவேன். நான் குழுவிலிருந்து நின்றபின், அந்தப் பின்தங்கலை அவன் கம்பியும் ஈயமும் கொண்டு செய்து வைத்துக்கொண்டிருக்கிறான்.

நான் பொய்ச்சாட்சி என்று தீர்மானித்து வெளியேற்றியது யாரை என்பது இப்போது விளங்குகிறது. மூன்று பக்கம். எதுகை மோனையுடன்.

டிசம்பர் 9, திங்கள்

ஐந்து நாள்களாக எழுதவில்லை. எழுதத்தக்க பெருமை எதுவும் நிகழவில்லை.

இப்போது உள்ள வினா ஒன்றே: புதுப்பெட்டியைப் புதுப்பெட்டி என்று கூறிக் கொடுப்பதா, பழைய பெட்டியாகவே கொடுப்பதா? கெடுத்துவிட்டேன் என்று கூறினால், இதையும் அண்ணன் அழித்துவிட்டார் என்று அவன் எண்ணுவான். மீண்டும் ஒரு பதினோரு ஆண்டுகள் கழிக்க என்னிடம் கையிருப்பு இல்லை. ஆகவே பழைய பெட்டியைப்போலவே அலங்கரிப்பதென முடிவு செய்தேன். அலுமினியப் பெட்டி ஒன்றில் வான்நீல எனாமல் பூசி மாடியில் காயவைத்தேன். அணில் நடந்துபோயிற்று. மீண்டும் பூசினேன்.

டிசம்பர் 11, புதன்

கொக்குகள்.

பழைய மூடியை எதிரே வைத்துக்கொண்டு, மெல்லிய தூரிகையால் வரைந்தேன். செய்யுளில் எத்தனை பறவைகளைப் பற்றி மாணவர்க்கு நான் விரித்துரைத்திருக்கிறேன்! கழுத்தின் வளைவு, சிறகின் விரிவு, காலின் நீட்டம் என ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் பேசுவேன். கொக்கு ஒன்றை உண்மையில் உற்றுப் பார்த்ததில்லை என்பது இன்றே தெரிந்தது. முதற்கொக்குக்குக் கழுத்து தடித்துப்போயிற்று. அதைச் சரிக்கட்ட வயிற்றைப் பெருக்கினேன். இரண்டாவது, முதலாவதோடு பொருந்த வேண்டும் என்பதால், அதுவும் அவ்வாறே ஆயிற்று.

ரத்னபாய் தேநீர் கொண்டுவந்தாள். “கூஜா எதுக்கு ரெண்டு வரையுதீய?” என்றாள்.

டிசம்பர் 13, வெள்ளி

பெட்டி புதிதாகப் பளபளத்தது. ஆகையால் பின்கட்டில் துணி துவைக்கும் கல்லில் மூலைகளைத் தேய்த்தேன். பிறகு சாம்பல் பூசித் துடைத்தேன். என்ன செய்கிறீர்கள் என்று ரத்னபாய் கேட்டாள். பழமை சேர்க்கிறேன் என்றேன்.

அவள் ஈரத்துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, மிகவும் அமைதியாகச் சொன்னாள்: “ஒரு கிட்டார ரெண்டு கிட்டாரா காட்டினது பொய்ச்சாட்சின்னு அந்தப் புள்ளைய வெளிய அனுப்புனீய. இப்ப புதுப் பெட்டியப் பழைய பெட்டியா காட்டுதீயளே, இது எத்தனையாவது கட்டள?”

கல்லில் உட்கார்ந்தேன். எழுவதற்குச் சிறிது நேரமாயிற்று. முழங்கால் காரணம்.

டிசம்பர் 16, திங்கள்

ஆகவே ஒப்புக்கொள்வதென முடிவு. ஆனால் முகத்திற்கு நேரே அன்று. மூடியின் உட்புறத்தில் எழுதிவைப்பேன். அவன் என்றேனும் திறக்கும்போது காண்பான்.

முதலில் ஒரு வெண்பா இயற்றினேன். நான்கு அடிகளில் என் குற்றமும் அவன் பெருந்தன்மையும் இறைவன் இரக்கமும் அடங்கின. அளந்து பார்த்தேன், மூடியில் இடம் போதவில்லை. இரண்டடியாகக் குறுக்கினேன். இடம் போதியது. வாசித்துப் பார்த்தேன். நடை நன்றாகவே இருந்தது. அந்தத் தீர்மானத்தின் நடையைப்போலவே இருந்தது. கிழித்துவிட்டேன்.

இதையும் எழுதிவிடுகிறேன். பெட்டி முதன்முதல் ஒலித்த அன்று ஆராதனை முடிந்து படியிறங்கியபோது ஒருவர் என்னிடம், “இனி ஒங்க ரெண்டாங்குரலுக்கு வேலயில்ல சார்வாள்” என்று சிரித்துக்கொண்டே கூறினார். நான் அன்று மாலையே மூன்று பக்கம் எழுதினேன். ஒன்பதாங் கட்டளை பிறகுதான் நினைவுக்கு வந்தது.

டிசம்பர் 17, செவ்வாய்

பழைய மூடியிலிருந்த வரைபடத்தை நீராவி காட்டிப் பெயர்த்தெடுத்துப் புதிய மூடியின் உட்புறம் ஒட்டினேன். ‘அண்ண’ என்பதை நிறைவு செய்யவில்லை. அவன் எழுத வேண்டியது. அதற்குக் கீழே உரைநடையில் எழுதினேன்:

“பழைய பெட்டியைக் கெடுத்தது நான். இதைச் செய்ததும் நான். தீர்மானம் பொறாமையால் எழுதினேன். வேதமாணிக்கம்.”

ஐம்பது ஆண்டுகாலத் தமிழ்ப்பணியில் அணி ஏதுமின்றி நான் எழுதிய முதல் மூன்று வாக்கியங்கள்.

டிசம்பர் 18, புதன்

ஜரீனா கடையில் இறுதிச் சோதனை. மூடியை எதற்காகத் திறப்பார்கள் என்று கேட்டேன். பேட்டரி மாற்றுவதற்கு மட்டுமே என்றாள். புதுப் பேட்டரி எத்தனை நாள் வரும் என்றேன். நாளும் ஒரு மணி நேரம் வாசித்தால் ஒரு மாதத்திற்குக் குறையாது என்றாள்.

ஒரு மாதம் நீண்ட காலம். அவளுடைய மீட்டருக்குள் இருக்கும் பழைய பேட்டரியைத் தர இயலுமா என்று கேட்டேன். அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: “சீக்கிரம் தீரணுமா சார்?” நான் சுவரிலுள்ள நாட்காட்டியைப் பார்த்தேன். அவள் மீட்டரைத் திறந்து பேட்டரியை எடுத்துக் கொடுத்தாள். மூடியின் உட்புறத்தையும் பார்த்தாள். பெஞ்சின்மேல் ஏற்றப்பட்டவள் நான்கு திருகாணிகளையும் தானே முடுக்கினாள்.

டிசம்பர் 21, சனி

ரத்னபாய் பெட்டியோடு தூத்துக்குடி பேருந்தில் ஏறினாள். என்னையும் அழைத்தாள். முட்டுவலி என்றேன். “முட்டுவலியா, முகவலியா?” என்றாள். பேருந்து கிளம்பிவிட்டது.

டிசம்பர் 22, ஞாயிறு

மாலை ஐந்தரை மணிக்கு ஓர் எண்ணம் தோன்றி என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிற்று. பேட்டரி ஆராதனையின் நடுவிலேயே தீர்ந்துவிட்டால்?

முழுச் சபைக்கு முன் இரண்டாம்முறையாகத் தம்பியின் பெட்டியை நான் ஊமையாக்கியவனாவேன். இம்முறை தீர்மானம் கூடத் தேவையில்லை. ரத்னபாயின் செல்பேசிக்கு ஏழுமுறை அழைத்தேன். ஆலயத்துக்குள் அணைத்துவைத்திருக்கிறாள், அப்படிச் செய்ய வேண்டும் என்று விதி வகுத்தவனும் நானே. ஆறு மணி முதல் எட்டு மணி வரை முழங்காலில் நின்றேன். முட்டுவலி பற்றிய நேற்றைய குறிப்பை வாசிப்போர் மறந்துவிடுக. பேட்டரிக்காக ஜெபித்தவர் எவரேனும் முன்பு இருந்தனரோ, அறியேன்.

டிசம்பர் 23, திங்கள்

ரத்னபாய் திரும்பினாள். பேட்டரி தாங்கிற்று. தம்பி பெட்டியைக் கையில் வாங்கி, கொக்குகளை வெகுநேரம் பார்த்தானாம். ஐந்து பாட்டு வாசித்தானாம். எப்படி இருந்தது என்றேன்.

“ரெண்டு பேரு மாதிரி” என்றாள்.

டிசம்பர் 25, புதன்

ஆராதனை. விருந்து. தொலைபேசி மணி நான்குமுறை ஒலித்தது. வாழ்த்துகள். வேறு எவரோ.

ஜனவரி 2, வியாழன்

முருங்கையில் மறுபடி கம்பளிப்பூச்சி. பந்தம் கொளுத்த மனமில்லை.

ஜனவரி 6, திங்கள்

காலை பத்து மணி. தொலைபேசி. நான்தான் எடுத்தேன்.

“அண்ணே.”

ம் என்றேன்.

“பேட்டரி தீந்துட்டு.”

“அப்படியா.”

“மாத்தினேன்.”

அவன் வீட்டுக் குக்கர் இரண்டு விசில் அடித்தது. மூன்றாவதையும் இருவரும் சேர்ந்து கேட்டோம்.

“கொக்கப் பாத்த ஒடனேயே தெரியும், நம்ம பெட்டி இல்லன்னு” என்றான். “கூஜால்லா அது. ரத்னா மைனிகிட்ட என்னத்த கேக்கன்னு சும்மா இருந்துட்டேன்.”

ஒலி எப்படி என்று கேட்டேன். சரியில்லையானால் ஜரீனாவிடம் கொடுத்துத் திருத்திவிடலாம் என்றேன்.

“திருத்தாண்டாம். பழசுல பின்னால வாரது கொஞ்சம்தான் பிந்தும். இதுல நல்லாவே பிந்துது. அச்சு அசல் ஒங்க குரல்தான்” என்றான். “அந்த எழுத்த நா எழுதி முடிச்சிட்டேன்ணே.”

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். கண்புரைக்கு அவ்வாறு செய்வது நல்லது.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறானாம், கிட்டாரோடு. பெட்டியையும் கொண்டுவா என்றேன். நானே எழுதிய விதியை நானே மீறக் காத்திருந்தேன்.

“பெட்டி எதுக்கு?” என்றான். “நீங்கதான் இருக்கீயளே.”

ஜனவரி 7, செவ்வாய்

தீர்மானத்தை நீக்கக் கோரிக் கமிட்டிக்குக் கடிதம் எழுதினேன். மூன்று வரி.

ஜனவரி 9, வியாழன்

சுக்கு, மிளகு, பனங்கற்கண்டு. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு கூடத்தில் நின்று பாடிப் பார்த்தேன். முதற்குரலை மனத்துள் ஓடவிட்டு, இரண்டாங்குரலை மட்டும் வாய்விட்டுப் பாடினேன். முதலடி ஒருவாறு அமைந்தது. இரண்டாமடிக்குள் நுழையும்போது அடுப்படியிலிருந்து ரத்னபாய் தலையை நீட்டாமலே கூறினாள்:

“லேட்டு.”